தீபாவளி லீவில் ஆப்பிரிக்கா சஃபாரியா? பட்ஜெட்டை முடிவு செய்வது காலண்டர்தான்!

ஊருக்கெல்லாம் காலண்டர் அடித்துக் கொடுக்கும் ஊர் சிவகாசி. ஆனால், அந்த ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு நிம்மதியாக வெளியூர் போகக் காலண்டரில் கிடைக்கும் நாள்கள் கொஞ்சம்தான். வருடம் முழுக்க மருந்தும் திரியுமாக ஓடும் பட்டாசு ஆலைகள், தீபாவளி முடிந்ததும் சில வாரங்கள் ஓய்வெடுக்கும். மறுபடி பூஜை போட்டு ஆலையைத் திறக்கும்வரை கிடைக்கும் அந்த இடைவெளிதான் சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல், வெம்பக்கோட்டை வட்டாரத்துக்கு டூர் சீஸன்.

ஒரு காலத்தில் குற்றாலம், கொடைக்கானல் என்று போய்வந்த குடும்பங்கள், அப்புறம் மலேசியா, சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பின. இப்போது வாட்ஸ்அப் குரூப்புகளில் புதிதாக ஒரு விளம்பரம் சுற்றுகிறது. திறந்த கூரை ஜீப், பின்னால் மஞ்சள் புல்வெளி, நடுவில் ஒரு சிங்கம். கீழே பெரிய எழுத்தில் ஒரு தொகை. 'இந்த விலைக்கு ஆப்பிரிக்காவா?' என்று மச்சானுக்கும் மதினிக்கும் ஃபார்வர்டு செய்துவிட்டு, அடுத்த நிமிடமே அட்வான்ஸ் அனுப்பத் தயாராகிவிடுகிறார்கள் சிலர்.

ஒரு நிமிடம் பொறுங்கள். ஆப்பிரிக்கா சஃபாரி என்பது ஒரே விலை போட்ட சரக்கு இல்லை. அதே காடு, அதே சிங்கம், ஒரு மாதத்தில் ஒரு விலை, இன்னொரு மாதத்தில் இரண்டு மடங்கு விலை. எந்த நாடு என்பதைவிட, எந்த மாதம், எத்தனை பேர் என்ற இரண்டு கேள்விகள்தான் உங்கள் பட்ஜெட்டை முடிவு செய்கின்றன.

பணம் எங்கே போகிறது?

'சஃபாரி' என்ற சுவாஹிலி சொல்லுக்குப் பயணம் என்றுதான் பொருள். அரபு மொழியின் 'சஃபர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பயணத்துக்கு நீங்கள் கொடுக்கும் பணம் ஐந்து பங்காகப் பிரிகிறது.

1. விமான டிக்கெட்
2. விசா, தடுப்பூசி, இன்ஷூரன்ஸ்
3. காட்டுக்குள் நுழையும் கட்டணம்
4. ஜீப், டிரைவர், டீசல்
5. தங்குமிடம், சாப்பாடு

இதில் முதலாவதும் ஐந்தாவதும் எல்லோருக்கும் பழக்கமானவை. மலேசியா போனாலும் அதே கணக்குதான். ஏமாறுவது மூன்றாவதிலும் நான்காவதிலும். நம் ஊரில் ஒரு மியூசியத்துக்கு டிக்கெட் எடுப்பதுபோல, காட்டுக்குள் போகவும் ஒரு சின்னத் தொகை இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. சில இடங்களில் அறை வாடகையை விட அது அதிகம். விளம்பரத்தில் இருக்கும் குறைந்த தொகையில் பல நேரம் இது சேர்ந்திருக்காது.

நவம்பர் கணக்கு

சஃபாரி என்றதும் நம் மனதில் வரும் காட்சி, கென்யாவின் மசாய் மாரா. மாட்டையும் மானையும் கலந்து செய்தாற்போல இருக்கும் வில்டபீஸ்ட் விலங்குகள் லட்சக்கணக்கில், முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றில் குதித்துக் கரையேறும் காட்சி. தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து புல்லைத் தேடி வரும் இந்தக் கூட்டம், பொதுவாக ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா பக்கம் இருக்கும். அக்டோபர் கடைசியில், நவம்பர் தொடக்கத்தில் பெரும்பகுதி தெற்கே திரும்பிவிடும்.

இப்போது கட்டணத்தைப் பாருங்கள். 2024 ஜூலை முதல், மசாய் மாராவில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பெரியவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 50 டாலர். அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு இலவசம்.

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. அக்டோபர் பின்பாதி அல்லது நவம்பர் முன்பாதி. லீவு கிடைத்து, கிளம்பி, மாராவில் கால் வைக்கும்போது வில்டபீஸ்ட் கூட்டம் போயிருக்கும். ஆனால், இரட்டைக் கட்டணம் டிசம்பர் 31 வரை போகாது.

அப்பா, அம்மா, 10 வயதுக்கு மேல் இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்று போட்டுக்கொண்டால்:

நவம்பரில் ஒரு நாள்: 200 + 200 + 50 + 50 = 500 டாலர். அதாவது 45,000 ரூபாய்.

பிப்ரவரியில் ஒரு நாள்: 100 + 100 + 50 + 50 = 300 டாலர். அதாவது 27,000 ரூபாய்.

மூன்று நாளுக்கு வித்தியாசம் மட்டும் 54,000 ரூபாய். ஜீப்பும் இல்லை, சாப்பாடும் இல்லை. கேட்டில் கட்டும் பணம் மட்டும்தான் இது. டாலர் மதிப்பு தினமும் மாறும் என்பதால், நீங்கள் பணம் கட்டும் நாளின் மதிப்பைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளுங்கள்.

இதனால் நவம்பரில் மாரா போகவே கூடாது என்று அர்த்தமில்லை. சிங்கம், சிறுத்தை, யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் மாராவிலேயே நிரந்தரமாக வசிப்பவை. வருடம் முழுக்க இருக்கும். நவம்பர் அங்கே சிறு மழைக்காலம் என்பதால் பல விடுதிகளில் வாடகையும் இறங்கும். ஆனால், 'ஆற்றைக் கடக்கும் காட்சி கேரண்டி' என்று யாராவது நவம்பர் பேக்கேஜ் விற்றால் நம்பாதீர்கள். ஆகஸ்டில்கூட அதற்கு யாரும் கேரண்டி கொடுக்க முடியாது. ஆற்றங்கரையில் நாள் முழுக்கக் காத்திருந்து திரும்பியவர்கள் ஏராளம்.

யாருக்கு எந்த மாதம்?

விருதுநகர் மாவட்டத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு காலண்டர் இருக்கிறது. அதைச் சஃபாரி காலண்டரோடு பொருத்திப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு நவம்பர்தான் வசதி. மாராவில் ஒரே ஒரு நாளை வைத்துக்கொண்டு, மற்ற நாள்களை கென்யாவின் வேறு பூங்காக்களுக்கு ஒதுக்கலாம். கிளிமஞ்சாரோ மலை பின்னணியில் யானைக் கூட்டம் நடக்கும் அம்போசெலி, காண்டாமிருகத்துக்குப் பேர்போன நகுரு ஏரி ஆகியவை இருக்கின்றன. அங்கே கட்டணம் மாராவின் இரட்டைக் கட்டணத்தைவிடக் குறைவு. அல்லது, தென் ஆப்பிரிக்கா போகலாம். அங்குள்ள தேசியப் பூங்காக்களில் சீஸனுக்குச் சீஸன் நுழைவுக் கட்டணம் இரண்டு மடங்காவதில்லை.

காலண்டர், டைரி அச்சடிப்பவர்களுக்கு ஆடி 18-ல் ஆல்பம் வெளியிட்ட நாளிலிருந்து வருடக் கடைசிவரை மூச்சுவிட நேரமிருக்காது. பொங்கலுக்குப் பிறகுதான் ஓய்வு. இவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஜனவரி, பிப்ரவரியில் மாராவில் பாதிக் கட்டணம், மழையும் குறைவு. தான்சானியா பக்கம் போனால், தெற்கு செரெங்கெட்டியில் வில்டபீஸ்ட் குட்டி போடும் காலம் அது. பிறந்த சில நிமிடங்களில் எழுந்து ஓடும் குட்டிகளையும், அவற்றைக் குறிவைக்கும் சிவிங்கிப்புலிகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை.

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் வழி. பங்குனிப் பொங்கல் முடிந்து பரீட்சையும் முடிந்த நேரம். கிழக்கு ஆப்பிரிக்காவில் அது பெருமழைக் காலம்; மார்ச் முதல் மே வரை பாதைகள் சேறாகும், ஆனால் விடுதிகள் மலிவு. தென் ஆப்பிரிக்காவில் நிலைமை நேர்மாறு. மே மாதம் அங்கே மழை ஓய்ந்து குளிர்காலம் தொடங்குகிறது. புல் காய்ந்து, மரம் இலை உதிர்த்து, விலங்குகள் தண்ணீருக்காகக் குளம் குட்டைகளைத் தேடி வரும். பார்ப்பது சுலபம், கொசுவும் குறைவு.

நாளைப் பற்றிக் கவலைப்படாத ஓய்வுபெற்றவர்களுக்கும் இளம் ஜோடிகளுக்கும் ஒரு சூட்சுமம்: ஜூன் மாதம். கென்யாவில் மழை விட்டிருக்கும். மாராவில் ஜூன் 30 வரை 100 டாலர்தான். ஜூலை 1-ம் தேதி விடிந்தால் 200.

எந்த நாட்டில் என்ன விலை, என்ன வசதி?

கென்யா: முதல் முறை போகிறவர்களுக்கு ஏற்றது. மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் இருக்கிறது. சுமார் ஆறு மணி நேரப் பயணம். மதுரையிலிருந்து மும்பை போய் மாறிக்கொள்ளலாம். 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக ஆன்லைனில் 'இ.டி.ஏ' என்ற பயண அனுமதி பெற்றால் போதும். நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலை வழியாக ஐந்தாறு மணி நேரம். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் குஜராத்திகள் புண்ணியத்தில் சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. சப்பாத்தி சுவாஹிலியிலும் சப்பாத்திதான்! நேரமோ பணமோ ரொம்பக் குறைவு என்றால் நைரோபி தேசியப் பூங்கா இருக்கிறது. 1946-ல் தொடங்கப்பட்ட, 117 சதுர கிலோமீட்டர் காடு. நகரத்தை ஒட்டியே இருக்கிறது. அரை நாளில் சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி பார்க்கலாம். யானை மட்டும் அங்கே கிடையாது.

தான்சானியா: கென்யாவைவிடக் கொஞ்சம் செலவு கூடுதல். செரெங்கெட்டி மட்டுமே 14,763 சதுர கிலோமீட்டர். விருதுநகர் மாவட்டத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல்! பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 டாலர், அதற்கு மேல் 18 சதவிகித வரி. பக்கத்திலேயே, எரிமலை வாய் இடிந்து உருவான கோரோங்கோரோ பள்ளத்தாக்கு. அதற்குள் வண்டி இறங்க, ஆளுக்குக் கட்டும் கட்டணம் போக, வண்டி ஒன்றுக்கு 250 டாலரும் வரியும் தனி. தூரம் அதிகம் என்பதால் ஆறு, ஏழு நாள் இல்லாமல் தான்சானியாவுக்குப் போவது வீண்.

தென் ஆப்பிரிக்கா: சிக்கனமாகச் சுற்ற நினைப்பவர்களுக்கு இதுதான் முதல் இடம். காரணம், க்ரூகர் தேசியப் பூங்காவில் நீங்களே கார் ஓட்டிக்கொண்டு போகலாம். சுமார் 20,000 சதுர கிலோமீட்டர் காட்டில் தார்ச் சாலை, பெட்ரோல் பங்க், கடை, அரசு நடத்தும் ஓய்வு முகாம்கள் எல்லாம் உண்டு. நம் ஊரைப்போலவே சாலையின் இடது பக்கம்தான் வண்டி ஓட வேண்டும். நுழைவுக் கட்டணம் ஒரு நாளைக்கு ஆளுக்கு இவ்வளவு என்றுதான். மாராவில் கட்டுவதைவிட மிகக் குறைவு. தார்ச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகம்தான், வண்டியை விட்டு இறங்கக் கூடாது, கேட் மூடும் நேரத்துக்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டும் என்ற விதிகளை மதித்தால் போதும்.

தமிழர்களுக்கு இந்த நாடு இன்னொரு வகையிலும் நெருக்கம். மதராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல், கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர்களை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தைத் தொட்டது 1860 நவம்பர் 16-ல். அந்த டர்பனில் இன்று முருகனுக்கும் மாரியம்மனுக்கும் கோயில்கள் இருக்கின்றன. அங்கிருந்து சில மணி நேர கார் பயணத்தில் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி பூங்கா. 1895-ல் பாதுகாக்கப்பட்ட இந்தக் காடுதான், அழியும் நிலைக்குப் போன வெள்ளைக் காண்டாமிருகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. கோயில், கடற்கரை, காடு மூன்றையும் ஒரே பயணத்தில் முடிக்க நினைக்கும் குடும்பங்களுக்கு இது பொருத்தம்.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது மலேரியா. க்ரூகரில் அந்த ஆபத்து உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரத்தில் இருக்கும் பிலானெஸ்பெர்க் பூங்கா மலேரியா இல்லாத பகுதி. தென் ஆப்பிரிக்காவுக்கு விசா எடுக்க நேரம் பிடிக்கும் என்பதால் இரண்டு, மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருவர் பெயரும் இருக்கும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துவையுங்கள்.

உகாண்டா, ருவாண்டா: இங்கே போவது மலைக் கொரில்லாக்களைப் பார்க்க. அனுமதிச் சீட்டு உகாண்டாவில் 800 டாலர், ருவாண்டாவில் 1,500 டாலர். கொரில்லாக் குடும்பத்தின் முன் நிற்கக் கிடைப்பது ஒரு மணி நேரம். 15 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. முதல் சஃபாரிக்கு இது வேண்டாம்.

போட்ஸ்வானா: குறைந்த கூட்டம், கூடுதல் விலை என்பதே அந்த நாட்டின் கொள்கை. ஒகவாங்கோ டெல்டாவின் பல முகாம்களுக்குச் சின்ன விமானத்தில்தான் போக முடியும். வெள்ளி விழா, அறுபதாம் கல்யாணம் என்று தாராளமாகச் செலவு செய்ய முடிவெடுத்தவர்களுக்கு.

ஜீப் கணக்கு: சித்தப்பா குடும்பத்தையும் கூப்பிடுங்கள்

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு. ஆனால், ஜீப் வாடகை வண்டிக்கு இவ்வளவு. சஃபாரி பட்ஜெட்டில் பெரிய சேமிப்பு இங்கேதான்.

டிரைவர், டீசலோடு ஒரு லேண்ட் குரூஸர் நாளுக்கு 250 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஏழு நாளுக்கு 1,750 டாலர். கணவன், மனைவி இருவர் மட்டும் போனால் தலைக்கு 875 டாலர். அதே வண்டியில் ஆறு பேர் போனால் தலைக்கு 292 டாலர்கூட வராது. ரூபாயில் சொன்னால், சுமார் 79,000 எங்கே, 26,000 எங்கே!

ஆறு பேருக்கும் ஜன்னல் சீட் கிடைக்கும். அதற்குமேல் ஆள் ஏற்றினால் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். கூட்டுக் குடும்பமாகவே டூர் போய்ப் பழகிய நம் ஊருக்கு இது சாதகமான விஷயம். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமோ, சம்பந்தி வீட்டையும் சேர்த்தோ ஆறு பேராகக் கிளம்பினால், 'குரூப் டூர்' விலையில் 'பிரைவேட் டூர்' சுகம் கிடைக்கும். சிங்கத்தைப் பார்த்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது உங்கள் முடிவு.

இருவராகப் போகிறவர்கள், முன்பின் தெரியாதவர்களோடு பகிர்ந்துகொள்ளும் வேன் சஃபாரியில் சேரலாம். விலை குறையும். ஆனால், கூரை திறக்கும் வேனா, நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வேன் சேற்றில் சிக்கினால் அரை நாள் போய்விடும்.

தங்குமிடத்தில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

காட்டுக்கு உள்ளே இருக்கும் விடுதிகள் விலை அதிகம். கேட்டுக்கு வெளியே இருக்கும் முகாம்கள் மலிவு. மாராவில் செகெனானி, தாலெக் கேட்களை ஒட்டி இப்படி நிறைய கூடார முகாம்கள் இருக்கின்றன. கூடாரம் என்றதும் பயப்பட வேண்டாம். கட்டில், கழிவறை, வெந்நீரோடு இருப்பவையே அதிகம்.

வெளியே தங்கினால் ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். மாராவில் வெளியே தங்குபவர்களின் டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 மணி வரைக்குத்தான். அடுத்த நாள் உள்ளே போக மறுபடி முழுக் கட்டணம். அதனால், மதியம் ஓர் அரை நாள் சஃபாரி, மறுநாள் காலை இன்னோர் அரை நாள் என்று போட்டிருக்கும் திட்டத்தில் இரண்டு நாள் கட்டணம் போகும். ஒரே நாளில் காலை முதல் மாலை வரை முழுதாகச் சுற்றும் திட்டமாக மாற்றச் சொன்னால், ஒரு நாள் கட்டணம் மிச்சம்.

தடுப்பூசி... தூத்துக்குடிக்கு ஒரு நடை

கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குப் போய்த் திரும்பும் இந்தியர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படும். சான்றிதழ் இல்லாவிட்டால், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே தடுத்து, ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஆசையாகப் போய் வந்து வீட்டு வாசலில் மாட்டிக்கொள்வதுபோல் ஆகிவிடும்.

தனியார் கிளினிக்கில் எங்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மையங்களில்தான். தமிழ்நாட்டில் சென்னை கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையம், சென்னை துறைமுக சுகாதார அலுவலகம், தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம் ஆகிய மையங்கள் இருக்கின்றன. விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தூத்துக்குடிதான் பக்கம். எந்தக் கிழமை போடுகிறார்கள், முன்பதிவு வேண்டுமா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். 60 வயதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் போடுபவர்களும் இந்த விதியைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. மலேரியா மாத்திரைக்கும் டாக்டர் ஆலோசனை அவசியம்.

அட்வான்ஸ் அனுப்பும் முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. சொன்ன தொகையில் எல்லா நாளுக்குமான நுழைவுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா? எந்தத் தேதியின் கட்டணம்?
2. வண்டி வேனா, லேண்ட் குரூஸரா? எங்களுக்கு மட்டுமா, மற்றவர்களும் வருவார்களா?
3. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வரை வண்டி ஓடும்? அதற்குமேல் கூடுதல் பணம் உண்டா?
4. விடுதியின் பெயர் என்ன? 'அதற்கு இணையான விடுதி' என்று மட்டும் எழுதியிருந்தால், இணையானது எது?
5. விடுதி காட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? கேட்டிலிருந்து எவ்வளவு தூரம்?
6. குடிநீர், சைவச் சாப்பாடு, டிரைவருக்கான டிப்ஸ், விமான நிலையப் போக்குவரத்து சேர்ந்ததா?
7. ஜி.எஸ்.டி, டி.சி.எஸ் சேர்த்துச் சொன்ன விலையா, தனியா?
8. பயணம் ரத்தானால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

எட்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்குப் பிடிக்கப்படும் டி.சி.எஸ் தொகையை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். அதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கென்ய நிறுவனத்திடம் நேரடியாகப் பதிவு செய்வதாக இருந்தால், அது கென்ய டூர் ஆபரேட்டர்கள் சங்கத்தில் உறுப்பினரா என்று சங்கத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். தனிநபர் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு மொத்தப் பணத்தையும் அனுப்பச் சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

மருத்துவச் செலவோடு, காட்டிலிருந்து விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் இன்ஷூரன்ஸ் எடுப்பது முக்கியம். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பால்கோவா போகலாம், பாலித்தீன் போகக் கூடாது

சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, இட்லிப்பொடி இல்லாமல் நம் ஊர்ப் பெட்டி மூடாது. ஆனால், கென்யா 2017 ஆகஸ்டிலும் தான்சானியா 2019 ஜூனிலும் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை போட்டுவிட்டன. விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பலகாரத்தை டப்பாவிலும் துணிப்பையிலும் கட்டுங்கள். கென்யப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் போதும்.

கறுப்பு, அடர்நீல உடைகள் வேண்டாம். ட்செட்ஸி ஈயை அந்த நிறங்கள் இழுக்கும். காக்கி, மண் நிற உடைகள் நல்லது. அதிகாலை ஜீப்பில் குளிர் நடுக்கும் என்பதால் ஸ்வெட்டர் அவசியம்.

பட்ஜெட் இன்னும் எட்டவில்லையா?

உண்மையைச் சொன்னால், பட்டாசு வட்டாரத்தில் ஆலைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு மேலே சொன்ன எதுவுமே எட்டாத தொகை. ஆனால், காடு பார்க்கும் ஆசைக்கு ஆப்பிரிக்கா மட்டுமே வழி இல்லை.

சிங்கம்தான் பார்க்க வேண்டும் என்றால், ஆசியச் சிங்கங்கள் இயற்கையாக வாழும் உலகின் ஒரே இடம் குஜராத்தின் கிர் பகுதி. 2025 கணக்கெடுப்பில் அங்கே 891 சிங்கங்கள். ஜீப் அனுமதியை ஆன்லைனில் எடுக்கலாம். பாஸ்போர்ட்டும் விசாவும் தேவையில்லை. ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடியிருக்கும். தீபாவளி லீவுக்குத் திறந்திருக்கும்.

அதற்கும் பக்கத்தில், தேக்கடியில் படகில் போய் யானைக் கூட்டம் பார்க்கலாம். முதுமலையில் வனத்துறை வண்டியில் காட்டைச் சுற்றலாம். ஒரு முறையாவது இப்படி இங்கே போய்வந்த பிறகு ஆப்பிரிக்காவுக்குப் பணம் கட்டுவது புத்திசாலித்தனம். விடியற்காலை எழுந்து, நான்கு மணி நேரம் குலுங்கும் வண்டியில் உட்கார்ந்து, ஒன்றுமே கண்ணில் படாமல் திரும்பும் நாளும் சஃபாரியில் உண்டு. வீட்டில் யாருக்கு முதுகுவலி, யாருக்கு வாந்தி, எந்தப் பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்பதெல்லாம் முதுமலையில் தெரிந்துவிட்டால் நஷ்டம் சில ஆயிரம்தான்.

இன்னும் பக்கத்தில்? சிவகாசியிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் அந்த மலைகளே ஒரு புலிகள் காப்பகம்தான். 1988-ல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, மேகமலையோடு சேர்ந்து 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமானது. தமிழ்நாட்டின் ஐந்தாவது, இந்தியாவின் 51-வது. ஆப்பிரிக்காவில் எங்கு தேடினாலும் கிடைக்காத சாம்பல் நிற மலை அணில், செண்பகத்தோப்பில் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருக்கிறது. வனத்துறையிடம் அனுமதி நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு, ஒரு பைனாக்குலரோடு பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

சஃபாரிக்கும் சீட்டு போடலாம்

தீபாவளிப் பட்டாசுக்கும் பலகாரத்துக்கும் மாதாமாதம் சீட்டு கட்டிப் பழகியவர்கள் நாம். அதே பழக்கத்தைப் பயணத்துக்கும் கொண்டுவரலாம். வங்கியிலோ அஞ்சலகத்திலோ ஆர்.டி கணக்கு ஒன்று. மாதம் 10,000 ரூபாய் என்றால் இரண்டு வருடத்தில் 2,40,000 ரூபாயும் வட்டியும். இரண்டு குடும்பம் சேர்ந்து கட்டினால் இரண்டு மடங்கு. கடன் வாங்கியோ, கிரெடிட் கார்டில் தேய்த்தோ சிங்கம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் வீட்டில் எல்லோருக்கும் ஒத்துவரும் மாதம். அடுத்து, ஆறு பேர் சேர்கிறார்களா என்ற விசாரணை. அந்த மாதத்துக்கு எந்த நாடு சரி என்பது மூன்றாவது. பிறகு ஏஜென்ட்டுகள் மூன்று பேரிடம் அந்த எட்டுக் கேள்விகள். கடைசியில்தான் அட்வான்ஸ்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும், வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் சஃபாரி, மதுரை பாஸ்போர்ட் அலுவலக அப்பாயின்ட்மென்ட்டில்தான் தொடங்கும்!